நீடாமங்கலம் கேட்

மன்னார்குடியில் இரண்டு நாள், கல்யாண மண்டபம்.
மேடைச் சுவரில் முந்தின முகூர்த்தத்தின் தெர்மாகோல்.
மணமகள் பெயரைப் பெயர்த்துவிட்டார்கள்,
மணமகனில் 'ராஜ்' மட்டும் வர மறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.
அதன் கீழே எங்கள் ஃபிளெக்ஸ்:
'சிறுகதைப் பயிற்ச்சிப் பட்டறை'.
ஒரு ச் உபரி.
யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
உரக்கடை குணசீலன் சொந்தக் காசில் அடித்தது.
யூரியா இல்லை என்று கைவிரித்த வாரத்திலும்
எங்களுக்கு வடை போட்ட மனிதர்.

எனக்குப் பதினோரு மணி.
ஏழு வருஷமாக அதே பேச்சு.
கும்பகோணத்தில் மைக் என்னைவிட அதிகம் பேசியது.
திருவாரூரில் பாதியில் தலைவர் வந்தார்,
முதலிலிருந்து பேசச் சொன்னார்கள், பேசினேன்.
திருத்துறைப்பூண்டியில் ஒன்பது பேர்,
மூவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்,
அவர்கள்தான் குறிப்பெடுத்தார்கள்.

'முதல் மூன்று பக்கத்தை வெட்டுங்கள்.
கதை நான்காம் பக்கத்தில்தான் தொடங்குகிறது.
வானிலை அறிக்கை வேண்டாம்.
முடிவு,
பஸ் நிற்பதற்குள் குதித்துவிடும் கண்டக்டர் மாதிரி.'
இந்த இடத்தில் சிரிப்பார்கள்.
சிரித்தார்கள்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.
கூத்தாநல்லூர், ஜுலைகா பீவி.
மைக்கை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு,
'நான் எழுதுற ஆளு இல்லைங்க, சொல்லுவேன்.
வீட்டுக்காரர் தம்மாம்ல இருக்காரு.
ராத்திரி வாட்ஸப்புல நாலு நாலு நிமிஷமா அனுப்புவேன்.
போன மாசம்தான் நோட்டுல ஏத்தினேன்.
நீங்க வெட்டச் சொல்ற மூணு பக்கம் இருக்குல்ல,
அதுவரைக்கும்தான் கேப்பாரு, தூங்கிடுவாரு.
மறுநாள் மறுபடி மொதல்லேருந்து போடுன்னுவாரு.
அதை வெட்டவா?'

தண்ணீர் குடித்தேன்.
பாட்டில் காலி, இருந்தும் குடித்தேன்.
விமர்சகர் அன்புடைநம்பி 'வாசக மனம்...' என்று தொடங்க
சாம்பார் வாசனை வந்துவிட்டது.
பந்தி தயார் என்றார் குணசீலன்.

திரும்புகையில் நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
அது இந்தப் பக்கத்தில் செய்தி அல்ல.
முன்னால் ஒரு டவுன் பஸ், ஒரு மாப்பிள்ளை கார்,
வைக்கோல் வழியும் டாடா ஏஸ்.
இன்ஜின் ஒன்று தனியாகப் போனது.
அதே இன்ஜின் தனியாகத் திரும்பி வந்தது.
பின் சீட்டில் அன்புடைநம்பி விடவில்லை:
மூடிய முடிவு, திறந்த முடிவு.
டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கடைசியில் நெல் ஏற்றிய கூட்ஸ்.
எண்ணுவது என் வியாதி. நாற்பத்திரண்டு பெட்டி.
ஒரே நிறம், ஒரே சீல்.
முதல் மூன்றைக் கழற்றியிருந்தால்
இரண்டு நிமிஷம் முன்னால் கடந்திருக்கலாம்தான்.
அந்த மூன்றில் யாருடைய நெல்லோ.

சாப்பாட்டு வரிசையில் என் பின்னால்தான் நின்றார் ஜுலைகா.
கேட்காமலே முதல் வரியைச் சொன்னார்:
'அந்த வீட்டுக் கதவு தட்டினா தெறக்காது, பேரைச் சொல்லணும்.'
கையில் அப்பளத்தோடு 'நல்லா இருக்கு' என்றேன்.
பதினோரு புத்தகம் எழுதியவள்
அதற்கு மேல் ஒரு சொல் இல்லாமல் நகர்ந்தேன்.
யார் பேரை என்று கேட்டிருக்கலாம்.
இரண்டாம் பக்கத்தில் இருந்திருக்கும்.

வெள்ளரிப்பிஞ்சுக்காரர் கண்ணாடியைத் தட்டினார்.
சில்லறைக்கு எனக்குத் தந்த கவரைப் பிரித்தேன்.
வேறு யார் கல்யாணத்துக்கோ அச்சடித்த மொய்க் கவர்,
ஐந்நூற்று ஒன்று.
ஒற்றை ரூபாய் நழுவிச் சீட்டுக்கடியில் போனது.

கேட் தூக்கினார்கள்.
பின்னால் அத்தனை ஹாரனும் ஒன்றாகக் கத்த
எங்கள் டிரைவர் டீக்கடைக் கூட்டத்தில் எங்கேயோ.
இரண்டு நாளாக எங்களை ஏற்றி இறக்கியவர்.
தலையை வெளியே நீட்டி
'டிரைவர்! டிரைவர்!' என்று கூப்பிட்டேன்.
நாலு பேர் திரும்பினார்கள்.